மூன்று பட்டியலிலும் இருந்த ஆறு பேர்

புதிதாக வெல்ஃபேர் ஆபீசர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் அம்மிணிகளுக்கும் வணக்கம். உங்கள் பயிற்சி வகுப்பை நடத்துகிறவர் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "சார், உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனா சிரிப்பா இருக்கும், பசங்க தூங்காம படிப்பாங்க" என்றார். சிரிப்பாகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் வந்துவிட்டது. ஆகவே சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் நான் கத்துவதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயமுத்தூரிலிருந்து பல்லடம் போகிற வழியில் ஒரு நூற்பாலையில் இருபத்திரண்டு வருடம் இதே வேலை பார்த்தேன். ஐம்பத்தைந்து வயதில் வெளியே வந்தேன். எப்படி வந்தேன் என்பது போகப்போகத் தெரியும். என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பயங்கரமான பயந்தாங்கொள்ளி. பயம் வந்தால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும். நான் டீ சொல்லிவிடுவேன். வேலை நிறுத்தம் என்றால் டீ. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் டீ. ஒருமுறை தீயணைப்பு ஒத்திகையை நிஜத் தீ என்று நம்பி, முப்பது டீ சொல்லிவிட்டுச் சுவர் ஏறிக் குதித்தேன். அந்தப் பக்கம் எங்கள் மேனேஜர் ஏற்கெனவே குதித்து நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு புரிதல் இருந்தது.

நம் பகுதியின் மரியாதையைப் பற்றிப் புதிதாக நான் சொல்ல வேண்டியதில்லை. நாய்க்குட்டியைக் கூட 'வாங்க' என்கிற ஊர். சாதியைக் கேட்பதென்றாலும் 'நீங்க எந்தூருங்க, எந்தக் கூட்டமுங்க' என்று குலப்பிரிவை விசாரிக்கிற மாதிரி பதமாகத்தான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடிகிற தோட்டம் வைத்திருந்த மேல்சாதிக் குடும்பத்தில் பிறந்தவன் நான். அதனால் அந்தக் கேள்வி எப்படி வலிக்கும் என்று ஐம்பத்தைந்து வயதுவரை எனக்குத் தெரியாது. எங்கள் மில்லில் ஒரு பெண்ணின் கையில் கக்கூஸ் பக்கெட்டைக் கொடுத்தபோதும் 'ஏனுங் கண்ணு, கோவிச்சுக்காதீங்க, இதைக் கொஞ்சம் எடுத்துக்குங்க' என்றுதான் சொன்னார்கள். அவ்வளவு மரியாதை.

அந்தப் பெண்ணின் பெயர் ஜமுனா. ஒடிசாவின் மலைப்பக்கத்துக் கிராமம், இருபத்திரண்டு வயது. அவள் ஊரிலேயே ஒரு பயிற்சி நிலையத்தில் இரண்டு மாதம் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மிசின் ஓட்டப் பழகி, சான்றிதழ் வாங்கிக்கொண்டு எங்கள் மில்லுக்கு வந்தவள். அறுந்த நூலை ஓடுகிற மிசினிலேயே பிடித்து இணைப்பதில் கை அத்தனை வேகம். ஃபோர்மேன் மற்றவர்களைத் திட்டும்போது, 'அந்தப் புள்ளயப் பாருங்கய்யா' என்று இவளைக் காட்டித்தான் திட்டுவார்.

அவள் வந்த இரண்டாவது மாதம் எங்கள் நூலை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள் தணிக்கைக்கு வந்தார்கள். 'இங்கே பாகுபாடு இல்லை என்பதற்கு ஆதாரம் காட்டு' என்றார்கள். நான் டீ சொல்லிவிட்டு மூன்று பட்டியல் தயாரித்தேன். ஒன்று, பெண் தொழிலாளர்கள். இரண்டு, வெளிமாநிலத்தவர்கள். மூன்று, பட்டியல் சாதி, பழங்குடியினர். அவர்களிடம் சாதிச் சான்றிதழ் வாங்கியவனும் நானே. 'பிள்ளைங்க படிப்புக்கு உதவித்தொகை வாங்கித் தாரேனுங்க' என்று சொல்லி வாங்கினேன். பொய் இல்லை, சிலருக்கு வாங்கியும் கொடுத்தேன். மூன்று பட்டியலையும் மூன்று நிற அட்டையில் போட்டு, உள்ளே அட்டவணை, படம் எல்லாம் வைத்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி செய்திருந்தேன். எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அநேகம் பேர் மிசினில்தான் இருந்தார்கள். வந்தவர்கள் கை குலுக்கினார்கள். மேனேஜர் முதல்முறையாக எனக்கு டீ சொன்னார். வார்டனுக்கும் தெரிந்திருக்கட்டும் என்று பெண்கள் ஹாஸ்டலுக்கு மூன்றிலும் ஒவ்வொரு பிரதி அனுப்பிவைத்தேன்.

என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிக மோசமான காரியம் அந்தப் பிரதிதான். அப்போது தெரியவில்லை.

அடுத்த மாதம் துப்புரவு ஒப்பந்தக்காரர் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். 'உள்ளயே ஆள் பாருங்க' என்றார் மேனேஜர். ஹாஸ்டல் வார்டன் சரஸ்வதியக்கா ஆள் பார்த்தார். ஆறு பெண்கள் மிசினிலிருந்து கழிவறைக்கு மாற்றப்பட்டார்கள். 'ஒரு வாரத்துக்குத்தானுங்க' என்றார்கள். எட்டு மாதம் ஆனது.

எட்டு மாதமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? விழா நடத்தினேன். மகளிர் தினத்துக்கு அத்தனை பெண்களுக்கும் அரை நாள் விடுமுறை, ரோஜாப்பூ, கோலப்போட்டி. விருந்தாளிகள் வருகிறார்கள் என்பதால் அந்த ஆறு பேர் மட்டும் கழிவறையில். சமத்துவ நாளுக்கு உறுதிமொழி, லட்டு. உறுதிமொழி எடுக்க வந்த கூட்டம் அதிகம், ஆகவே ஆறு பேர் கழிவறையில். ஹோலிக்கு வடநாட்டுப் பையன்கள் கலர் பூசிக்கொண்டு ஆடினார்கள். கலரெல்லாம் குளியலறைச் சுவரில். கழுவியது யாரென்று கேட்கிறீர்களா? மூன்று விழாவிலும் மைக் பிடித்து ஜோக் அடித்தவன் நான். மூன்றிலும் அவர்கள் இல்லாததை நான் பார்க்கவில்லை. பெண்கள் விழாவில் எனக்குப் பெண்கள் நிறையத் தெரிந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை ஜமுனா பக்கெட்டோடு என் அறைக்கு வந்தாள். அதை என் மேசைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சார், இந்த வேலைக்கு நான் வரல. மிசினுக்கு வந்தேன். இனிமே இதச் செய்ய மாட்டேன்."

இதற்குள் தமிழ் கற்றிருந்தாள். ஹாஸ்டலில் கற்ற தமிழ், ஆகவே கோபத்திலும் மரியாதை கலந்த தமிழ்.

"உக்காரும்மா. டீ..." என்றேன்.

"டீ வேணாங்க சார். அக்காகிட்ட டீ குடிச்சாச்சு. அண்ணன்கிட்டயும் குடிச்சாச்சு. மூணு நாளா டீதான் குடிக்கறேன்."

அப்போதுதான் தெரிந்தது, என்னிடம் வருவதற்கு முன்னால் அவள் மூன்று இடங்களுக்குப் போயிருக்கிறாள். மூன்றுமே நான் உருவாக்கிய இடங்கள். ஒவ்வொன்றுக்கும் அறிவிப்புப் பலகை எழுதி மாட்டியவன் நான்.

முதலில் பெண்கள் புகார்க் குழு. அதன் தலைவியும் சரஸ்வதியக்காதான். வார்டனே தலைவி. அந்த ஏற்பாட்டைச் செய்த மேதையும் நானே. அக்கா சொன்னாராம்: "கண்ணு, இது பொம்பளைங்க பிரச்சனை இல்லியே. நம்ம புள்ளைங்க அத்தனை பேரும் மிசின்லதான இருக்கறாங்க? உன்ற ஊர்க்காரங்ககிட்டக் கேளு."

அடுத்து வெளிமாநிலத் தொழிலாளர் உதவி மையம். அதைப் பார்த்துக்கொண்டது பீகாரிலிருந்து வந்த பிரகாஷ். நல்ல பையன், யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவான். அவளை அக்கா என்று தன் மொழியில் கூப்பிட்டு அவன் சொன்னது: "எங்க ஆளுங்க எல்லாம் மிசின்தான் தீதீ. உங்க ஆறு பேர்... அது வேற. அது உங்க ஜாதி விஷயம், நான் எப்படிப் பேசறது?" சாப்பாட்டுக் கூடத்தில் அந்த ஆறு பேருக்கென்று தட்டு தனியாக இருந்ததை அவனும் ஒருநாளும் கேட்டதில்லை. தட்டை ஒதுக்கி வைத்ததே அவனுடைய கும்பல்தான்.

கடைசியில் பட்டியல் சாதி நலக்குழு. மாரிமுத்து. இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மில்லுக்குப் பக்கத்தில் உள்ள அருந்ததியர் காலனிக்காரர். பல வருடங்களுக்கு முன்னால் அந்தக் காலனி ஆண்களை மில்லில் துடைப்பத்தைத் தவிர வேறெதையும் தொட விடமாட்டார்கள். மாரிமுத்து கொடி பிடித்து, வாசலில் உட்கார்ந்து, இரண்டு முறை போலீசில் அடி வாங்கி, 'எங்காளுக இனிமே மிசின்லதான்' என்று வாங்கிக் காட்டினார். பொன்னான மனிதர். அவர் ஜமுனாவிடம் சொன்னார்: "அம்மிணி, உன்ற சர்டிபிகேட் ஒடிசா சர்டிபிகேட்டு. இங்க செல்லாதும்மா. அதுபோக இது பொம்பளைங்க ஹாஸ்டல் சமாச்சாரம். நான் உள்ள வந்து கேட்டா நல்லாருக்காது."

மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. எனக்கு இன்றுவரை ஆற்ற முடியாத ஆத்திரம் அதில்தான். கெட்டவன் ஒருத்தன் இருந்திருந்தால் நான்கூடப் பிடித்துக் கொடுத்திருப்பேன்.

இப்போது என்னிடம் வந்துவிட்டாள். புகார்ப் படிவத்தை எடுத்தேன். 'புகாரின் தன்மை: பாலினம் / பிறமாநிலம் / சாதி / மற்றவை. ஏதேனும் ஒன்றை மட்டும் குறிக்கவும்' என்று நானே அச்சடித்து வைத்திருந்தேன். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பாலினம் என்று குறித்தால் அக்கா பட்டியலைக் காட்டுவார். பிறமாநிலம் என்றால் பிரகாஷ் காட்டுவான். சாதி என்றால் மாரிமுத்து காட்டுவார். மூன்று பட்டியலும் என் கைவண்ணம், ஓட்டையே இல்லாதது. தப்பிக்கிற வழி தெரிந்தது. 'மற்றவை' என்று குறித்துவிட்டேன்.

'மற்றவை' கோப்பில் அதற்கு முன்னால் இருந்த புகார்கள்: ஹாஸ்டல் ஃபேன் சத்தம், சாம்பாரில் உப்பு, கேட்டுக்கு வெளியே ஒரு நாய் முறைக்கிறது.

மேனேஜர் விசாரணைக்கு உத்தரவிட்டார். பாகுபாடு பற்றிய விசாரணை இல்லை; கொடுத்த வேலையைச் செய்ய மறுத்ததற்காக ஜமுனா மீதான விசாரணை. விசாரணை அதிகாரி நான். குற்றம் உறுதியானால் அன்றே ஹாஸ்டலைக் காலி செய்து வியாழக்கிழமை ரயிலில் ஏற வேண்டும். அவளை அனுப்பிவைத்த பயிற்சி நிலையத்துக்கு 'ஒழுங்கீனம்' என்று ஒரு கடிதம் போகும். அப்படி ஒரு கடிதம் போன பெண்ணை எந்த மில்லும் எடுக்காது. மிசின் ஓட்டத் தெரிந்த அந்தக் கைக்கு அதோடு வாழ்நாள் முழுவதும் விடுமுறை.

விசாரணை செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. மேனேஜர், சரஸ்வதியக்கா, பிரகாஷ், மாரிமுத்து, ஜமுனா, நான். மேசையில் என்னுடைய மூன்று பட்டியல், யார் எந்தத் துறையில் என்பது மட்டும் புதுப்பித்தது. மூன்று பிரதிநிதிகளும் வரிசையாக அதே பதிலைச் சொன்னார்கள். எங்களில் அநேகம் பேர் மிசினில்தான் இருக்கிறார்கள், பாகுபாடு இல்லை. மேனேஜர் ஜமுனாவைப் பார்த்து, "பாத்தீங்களா அம்மிணி? இத்தனை பேர் சொல்றாங்க. நீங்க மட்டும் இப்பிடிச் சொன்னா எப்பிடிங்க?" என்றார்.

ஜமுனா, "அந்தப் பேப்பர் குடுங்க" என்றாள்.

எங்கள் மில்லில் பேரைவிட டோக்கன் நம்பர்தான் எல்லாருக்கும் பழக்கம். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, எண்கள் வரும். பெண்கள் பட்டியலைத் திறந்து, தன் எண்ணைத் தேடி, அது இருந்த துப்புரவுப் பகுதியில் விரலை வைத்து, ஆறு எண்களைச் சத்தமாக வாசித்தாள். மூடினாள். வெளிமாநிலப் பட்டியலைத் திறந்து துப்புரவுப் பகுதியில் ஆறு எண்களை வாசித்தாள். மூன்றாவதைத் திறந்தபோது மாரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அதே ஆறு எண்கள். மூன்றாவது முறை வாசிக்கும்போது பிரகாஷின் உதடும் கூடவே முணுமுணுத்தது.

"பொம்பளைங்களைக் கழுவச் சொல்லலன்னு அக்கா சொல்றாங்க. சரிங்க. வெளியூர்க்காரங்களச் சொல்லலன்னு பிரகாஷ் சொல்றாங்க. சரிங்க. எஸ்.சி. ஆளுங்களச் சொல்லலன்னு அண்ணன் சொல்றாங்க. எல்லாம் சரிங்க. அப்ப எங்கள எதுக்குச் சொன்னீங்க? நான் வரும்போது ட்ரெயின்ல ஒரு டிக்கெட்தான் எடுத்தேன் சார். மூணு ஆளா வரல. மூணு ஆபீசுக்குப் பிச்சுப் பிச்சு அனுப்பறீங்க."

மேனேஜருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அக்கா, இந்த ஆறு பேர எப்பிடி எடுத்தீங்க?" என்று கேட்டார்.

சரஸ்வதியக்கா ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"நம்ம வெல்ஃபேர் சார்தானுங்க மூணு லிஸ்ட் அனுப்பிச்சிருந்தாரு. மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேனுங்க. நம்மூருப் புள்ளைங்களச் சொன்னா ஊட்டுல இருந்து அப்பனும் மாமனும் வந்து நிப்பாங்க. மாரிமுத்தண்ணன் ஆளுகளச் சொன்னா கேட்டுல கொடி நட்டிப்போடுவாரு. பீகார்ப் பசங்களச் சொன்னா கும்பலா ஊருக்குக் கெளம்பிருவாங்க, அவனுககூட வந்த புள்ளைங்களும் அப்பிடித்தான். மூணு லிஸ்ட்லயும் இருக்கற இவங்க ஆறு பேருக்குத்தானுங்க கேக்கறதுக்கு யாருமில்ல. மில்லு ஓடோணுமில்லீங்க?"

தம்பிகளே, அம்மிணிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். நான் பட்டம் வாங்கியவன், பயிற்சி எடுத்தவன், சமூக நீதி பற்றி மேடையில் பேசியவன். என்னால் மூன்று காகிதத்தை ஒன்றாக வைத்துப் பார்க்க முடியவில்லை. எட்டாம் வகுப்பு முடித்த வார்டன் ஒரே மதியத்தில் பார்த்துவிட்டார். பெண், வெளியூர்க்காரி, தாழ்த்தப்பட்ட சாதி, இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேரும்போது அங்கே தனியாக ஒரு பள்ளம் விழுகிறது என்பது, அந்தப் பள்ளத்தில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். நியாயம் கேட்கிற நமக்குத்தான் தெரியவில்லை. நாம் பெண்களுக்கு ஒரு மேசை, சாதிக்கு ஒரு மேசை, வடக்கத்தியாருக்கு ஒரு மேசை என்று போட்டுவிட்டு, நடுவில் விழுந்து கிடக்கிறவளைத் தாண்டிப் போய் டீ குடிக்கிறோம். பெண்களுக்கு நீதி என்று சொல்லும்போது மனதில் வருவது உள்ளூர் சாதிப் பெண். தலித்துகளுக்கு நீதி என்றால் உள்ளூர் ஆண். வெளியூர்க்காரனுக்கு நீதி என்றால் அவனும் ஆண், அவன் ஊரில் அவனும் மேல்சாதி. இப்படி மூன்று நீதியையும் அள்ளி வழங்கிவிட்டு, ஆறு பேருக்கு நாம் அளித்தது ஆளுக்கு ஒரு பக்கெட்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்: "சரிங்க, மிசினுக்கே அனுப்பிரலாம். அப்ப அந்த வேலைய ஆருங்க பாக்கறது? நீங்க பாப்பீங்களா?"

கேள்வி என்னை நோக்கி. விசாரணை அறிக்கையில் 'ஆறு பேரும் சாதி, பாலினம், ஊர் மூன்றும் சேர்ந்த காரணத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், ஜமுனா மீது குற்றமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய நேரம் அது. அதைச் செய்ய என் கைக்குத் தைரியம் இல்லை. வாய் முந்திக்கொண்டு, "பாக்கறேனுங்க" என்றது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்றே எனக்குக் கேட்டது.

அறிக்கையை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். மறுநாள் காலை ஆண்கள் கழிவறைக்குப் பக்கெட்டோடு போனேன். மூக்கில் துண்டு, காலில் மகனுடைய கிரிக்கெட் ஷூ. பிளீச்சிங் பவுடரை நேராகக் கொட்டி, இருமி, கண் எரிந்து, வழுக்கி, குழாயைப் பிடித்துத் தொங்கினேன். நாற்பது நிமிடம் ஆகியிருக்காது. ஃபோர்மேன் ஓடிவந்தார், "ஐயோ, நீங்க போயி!" செக்யூரிட்டி பக்கெட்டைப் பிடுங்கினார். சரஸ்வதியக்கா வாசலில் நின்று அழுதார், "எங்களுக்குப் பாவம் சேத்தாதீங்க சார்." மேனேஜர் போனில், "என்னங்க சார் இது, நம்மாளு நீங்க போயி... வெளிய தெரிஞ்சா அசிங்கமுங்க" என்றார்.

நம்மாளு. எட்டு மாதமாக ஆறு பெண்கள் கழுவியபோது ஒருவருக்கும் வராத அசிங்கம், எனக்காக நாற்பது நிமிடத்தில் ஊருக்கே வந்துவிட்டது. எல்லாரும் பதறினார்கள். எனக்குள் ஒரு பெருமையும் வந்தது, மறைப்பானேன். நான் ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்டதாகவும், இதை யாராவது போட்டோ எடுத்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

ஜமுனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நான் கொட்டியதைப் பார்த்தாள்.

"தண்ணி மொதல்ல ஊத்தணுங்க சார். இப்பிடிப் போட்டா நீங்க செத்துப் போவீங்க."

"பழகிக்கறேம்மா" என்றேன், தியாகி குரலில்.

"வேணாங்க. இந்த வேல எங்களுக்கு வரும். உங்களுக்கு எழுத வரும். எனக்கு நாளைக்கு ட்ரெயின். நீங்க இங்க கழுவிட்டு நின்னா அந்தப் பேப்பர ஆரு எழுதுவா?"

அவ்வளவுதான். அத்தனை பேர் முன்னால் சொன்னாள். எனக்கு வந்த கோபம் முதலில் அவள் மீதுதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உனக்காக நான் கக்கூஸ் கழுவுகிறேன், நீ என்னையே கேட்கிறாயா என்று. அந்தக் கோபம் என் மீதே திரும்புவதற்கு, கழிவறையிலிருந்து என் அறைக்கு நடக்கிற தூரம் ஆனது. பக்கெட் தூக்குவது எனக்குச் சுலபம். தூக்கிவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்தால் நான் மறுபடியும் நம்மாளு. கையெழுத்துப் போட்டால்தான் திரும்ப நம்மாளு ஆக முடியாது. அதனால்தான் பக்கெட்டைத் தூக்கினேன்.

ஈரக் கையோடு உட்கார்ந்து எழுதினேன். ஆறு எண்களையும் எழுதினேன். அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், யார் கொடுத்த பட்டியலை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் என் பெயர் போட்டே எழுதினேன். மேனேஜர் படித்துப் பார்த்தார். நிதானமாகத்தான் பேசினார்.

"குற்றமில்லைன்னு போடுங்க, நான் ஒத்துக்கறேன். ஆனா காரணம் மூணு போடாதீங்க. ஏதாச்சும் ஒண்ணப் போடுங்க. ஒண்ணுன்னா நாளைக்கு ஆராச்சும் கேட்டா உங்க லிஸ்ட்டையே காட்டிச் சமாளிச்சுக்கலாம்."

"அதனாலதானுங்க மூணு போட்டிருக்கேன். அது மூணு காரணமில்லீங்க. ஒரே காரணம்தான், ஆனா பிரிச்சு எழுத முடியாதுங்க."

"ரோசனை பண்ணிக்குங்க சார். நாம ரெண்டு பேரும் ஒரே சுவத்துல குதிச்சவங்க."

டீ சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. கையெழுத்துப் போட்டேன். வியாழக்கிழமை ரயில் ஜமுனா இல்லாமல் போனது. ஆறு பேரும் ரிங் ஃபிரேமுக்குத் திரும்பினார்கள். மூன்று மாதத்தில் எனக்கு 'விருப்ப ஓய்வு' வந்தது. விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது.

இத்தோடு முடித்தால் நன்றாகத்தான் இருக்கும், நீங்களும் கைதட்டலாம். ஆனால் மில்லில் கழிவறை அப்படியேதான் இருக்கிறது. யாரோ கழுவியாக வேண்டும். மேனேஜர் மறுபடியும் ஓர் ஒப்பந்தக்காரரைப் பிடித்தார். ஒப்பந்தக்காரர் நான்கு அம்மாக்களைக் கொண்டுவந்தார். நான்கு பேரும் வயதானவர்கள், கணவனை இழந்தவர்கள், மாரிமுத்துவின் காலனிக்காரர்கள். அதில் ஒருவர் ரங்கம்மா, மாரிமுத்துவின் சொந்தச் சித்தி.

இரண்டு வாரத்துக்கு முன் மாரிமுத்து என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"சார், சித்தி கையப் பாத்தீங்களா? ஆசிட்டுல வெந்துபோச்சுங்க. கிளவுஸ் குடுக்கலீங்க. மில்லுல கேட்டா, அது எங்க ஆளே இல்ல, காண்ட்ராக்டரக் கேளுங்கறாங்க. அவன் போனே எடுக்கறதில்ல. நலக்குழுல கேக்கலாம்னா, குழு மில்லுத் தொழிலாளிக்கு மட்டும்தானாம். அந்த விதியப் போட்டவனே நான்தானுங்க சார்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்காளுக இனிமே மிசின்லதான்னு கத்துனேன். எங்காளுகன்னு சொன்னப்ப, என்ற சித்தி என்ற மனசுலயே இல்லீங்க."

பிறகு அவரே சொன்னார், என்னிடம் வருவதற்கு முன்னால் ஜமுனாவிடம்தான் போனாராம். அவள் எழுந்து இடம் கொடுத்திருக்கிறாள். முழுவதும் கேட்டிருக்கிறாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாளாம்: "சித்தி எங்கண்ணா? நீங்க வந்திருக்கீங்க. அவங்க வரலியா?"

என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் இந்தப் பயிற்சி வகுப்பில்தான் இருக்கிறார். பெயர் சொல்லிக் கூச்சப்படுத்த விரும்பவில்லை. வருகிற திங்கட்கிழமை ரங்கம்மா உங்கள் அறைக்கு வருவார். ஜமுனாவும் மற்ற ஐந்து பேரும் கூட வருகிறார்கள். மில் தொழிலாளி இல்லை, ஆகவே இங்கே எழுத முடியாது என்று சொல்ல உங்கள் மேசையில் ஒரு விதி தயாராக இருக்கும். வயதானவர் என்று ஒரு மேசைக்கு, ஒப்பந்தம் என்று இன்னொரு மேசைக்கு, காலனி என்று மூன்றாவது மேசைக்கு அவரை அனுப்பிவைக்க வழியும் இருக்கும். உங்களுக்கும் டீ சொல்லத் தோன்றும். எனக்குத் தெரியும், இருபத்திரண்டு வருடம் டீ சொல்லியே வாழ்ந்தவன் நான். சொல்லுங்கள். டீ வருவதற்குள் எழுதிவிட முடியும்.

மாரிமுத்துவும் வருவார். நல்ல பேச்சாளர், நெஞ்சு உருகப் பேசுவார், உங்களுக்கும் அவரிடம் பேசுவதுதான் சுலபமாக இருக்கும். அவரிடம், கொஞ்சம் இருங்கண்ணா என்று சொல்லிவிடுங்கள். அந்த அம்மாவைப் பேசவிடுங்கள்.